கிந்தா ஆறும் தோட்டத்துக் கழிவுநீரும்

பேராக் மாநிலத்தின் வரலாற்றை எழுதுவோர் கிந்தா ஆற்றை வெள்ளீயத்தோடு சேர்த்தே பேசுவர். அது இயல்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, இப்பள்ளத்தாக்கு உலகின் தலையாய ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கியது. மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சிய சேறும் மணலும் ஆற்றுப் படுகையை மேடாக்கின. ஈப்போவைச் சுற்றிக் கிடக்கும் ஈயக்குட்டைகள் அக்காலத்தின் சான்றுகள். ரப்பர்த் தோட்டத்து ஓடைகளுக்கு நேர்ந்த கேட்டுக்கோ அத்தகைய தடயம் இல்லை. மணல் நின்றுவிட்டது, நாற்றம் காற்றோடு போய்விட்டது.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் தோட்டங்கள் பெருகின. பால்வெட்டுத் தொழிலாளர் கொணரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர்; எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆலையில் ஃபார்மிக் அமிலம் சேர்த்துப் பாலை உறையவைத்தபின் பிரியும் நீரில் புரதமும் சர்க்கரையும் கரைந்திருக்கும். அந்நீரும் எந்திரங்களைக் கழுவிய நீரும் ஓடையிற் கலந்தால், நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகி, நீரின் உயிர்வளியைத் தீர்த்துவிடும். மீன் மடியும். ஆலைக்குக் கீழே அவ்வோடையில் குளித்துத் துவைத்த லயத்துக் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேதியியல் தேவைப்பட்டிருக்காது.

1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் வந்தன. ரப்பர் நாட்டின் கருவூலத்தை நிரப்பத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அதன் கழிவுநீருக்கு விதி பிறந்தது என்பது கருதத்தக்கது.

விதிக்கு விடையாக அமைந்தவை குளங்கள். முதற்குளம் ஆழமானது, அங்கே காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். அடுத்த குளம் ஆழம் குறைந்தது. அதில் பாசி பகலொளியில் வெளிவிடும் உயிர்வளி எஞ்சிய வேலையை முடிக்கும். தோட்டத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே இம்முறை மலிவாக அமைந்தது. செறிவூட்டிய பால் ஆயத்தம் செய்த ஆலைகளில் மட்டும் கந்தக அமிலப் பயன்பாட்டால், முதற்குளத்தில் அழுகிய முட்டை நாற்றம் எழும்.

ஆனால், விதி ஆலையை மட்டுமே நோக்கியது. ஆலை வாய்க்காலுக்கு உரிமம் வேண்டும். லயத்து அல்லூருக்கு வேண்டா. மனிதர் குடியிருப்பின் கழிவுநீர் தேசிய அளவிலான தனிச் சட்டத்துக்காக 1993ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. மறு ஆண்டில் இண்டா வாட்டர் நிறுவனம் தோன்றியது. அதற்குள் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன.

இன்றைய கணக்கீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர். வீட்டுக்கு ஐவர் எனக் கொண்டால், முப்பது வீடுகளுக்கு 33,750 லிட்டர். ஒரு சிறு தாமானின் சுத்திகரிப்பு நிலையம் நாள்தோறும் தாங்கவேண்டிய சுமை இது. அடியிற் படியும் கசடை உரிய காலத்தில் அகற்றாவிடில், குளமும் தொட்டியும் பெயரளவிலேயே நிற்கும்.

மலேசிய ஆற்றுநீர்த் தரக் குறியீடு ஆறு அளவைகளைக் கொண்டது. அவற்றுள் மிதக்கும் திண்மங்கள் என்பது ஈயக்காலச் சேற்றை நினைவூட்டும். மற்றொன்று அம்மோனியா நைட்ரஜன். வெட்டிய பால் ஆலை சேருமுன் உறைந்துவிடாதிருக்கத் தொழிலாளர் கலந்த அதே அம்மோனியா, இன்று வீட்டுக் கழிவு ஆற்றிற் கலந்ததற்கு அடையாளமாக அளக்கப்படுகிறது.