தசை மின்வரைவு

தசை சுருங்கும்போது அதில் எழும் மின்னழுத்த மாற்றத்தைப் பதிவுசெய்யும் முறை தசை மின்வரைவு. வைத்தியசாலைகளில் ஈ.எம்.ஜி. என்றால்தான் தெரியும். நரம்பு நோயை அறிய ஊசி மின்வாயைத் தசைக்குள் செலுத்துவார்கள். அசைவை ஆராய்வோருக்குப் பெரும்பாலும் தோலில் ஒட்டும் மின்வாய்களே போதும். ஜெர்மானிய உடலியலாளர் எமில் டு புவா ரேமோண்ட் 1849இல், மனிதர் தாமாக இறுக்கும் தசையிலிருந்து மின்னோட்டத்தைக் கண்டறிந்து காட்டினார்.

புத்தளம் மாவட்டத்து உடப்பில் கரைவலை இழுப்பதை எடுத்துக்கொள்வோம். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னே சாய்ந்து, அம்பாப் பாடலின் தாளத்துக்குக் கயிற்றை இழுப்பது அங்குள்ள மரபு. பார்ப்பவருக்குக் கைதான் இழுக்கிறது. ஆனால் நின்றபடி கைப்பிடியை இழுத்தவர்களைத் தசை மின்வரைவால் அளந்த ஆய்வாளர்கள் கோர்டோவும் நாஷ்னரும், கைத்தசைக்கு முன்னரே கெண்டைக்கால் தசை செயற்படுவதை 1982இல் காட்டினர். உடம்பு முன்னே சரியாதிருக்க மூளை செய்யும் முன்னேற்பாடு இது. உடலுக்குத் தாங்கல் கொடுத்தபோது அது குறைந்தது. மில்லிசெக்கன் அளவிலான இந்த முந்துதல் கண்ணுக்குப் பிடிபடாது.

களைப்பையும் தசை மின்வரைவில் காணலாம். தசை சோரும்போது நாரில் மின்துடிப்பு பரவும் வேகம் குறைந்து, பதிவின் அலைவெண் தாழ்கிறது. ஆனால் சமிக்ஞையின் பருமனை அப்படியே விசையாகக் கொள்வது தவறு. ஒவ்வொருவரின் உச்ச இறுக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே அது பொருள் தரும். அயல் தசையின் சமிக்ஞையும் 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சலும் கலப்பது வேறு. கரையிலோ பாலாவி உப்பளத்திலோ அளக்கப் போனால் வியர்வையும் உப்புநீரும் மின்வாய்களைக் கழற்றும், அல்லது ஒன்றோடொன்று இணைத்துவிடும்.

இதே சமிக்ஞையே உதவிக் கருவிகளையும் இயக்குகிறது. முழங்கைக்குக் கீழே கையிழந்தவரின் எஞ்சிய முன்கையில் மணிக்கட்டை மடக்கும் தசைக்கு ஒன்று, நிமிர்த்தும் தசைக்கு ஒன்று என இரு பதிவிகள் இருந்தால் செயற்கைக் கையை மூடித் திறக்கலாம். இலங்கையரான ருவன் கோபுர, யப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கசுவோ கிகுச்சியுடன் இணைந்து, தசைச் சமிக்ஞையால் இயங்கும் மேற்கை வெளிக்கூட்டு ரோபோவான ‘சுஎஃபுல்-7’ஐ 2009இல் வெளியிட்டார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் ஆய்வு நடக்கிறது.

ஆனால் கையிழந்த கடற்றொழிலாளி ஒருவருக்குத் தசைச் சமிக்ஞையால் இயங்கும் மின்தசைக் கையை முதல் தெரிவாகச் சொல்வது கடினம். மின்கலம், மோட்டார், மின்வாய் மூன்றுக்கும் உப்புநீர் பகை. தோளசைவால் கம்பிவழி இயங்கும் கொக்கிக் கை ஈர வேலைக்குத் தாக்குப்பிடிக்கும். பிடியின் இறுக்கம் கம்பிவழியே தோளில் தெரிவது அதன் இன்னொரு பயன்; மின்தசைக் கைகளில் பெரும்பாலானவை அதை இன்னும் தரவில்லை.