எபிரேய எழுத்தும் ஆங்கில நெடுங்கணக்கும்

மொழி வேறு, அதனை எழுதும் எழுத்து வேறு. இவ்வேறுபாடு எளிதிற் புலப்படுவதொன்றாயினும், ஐரோப்பிய அறிஞர் அதனைத் தெளிந்து கொள்ளப் பல நூற்றாண்டுகள் சென்றன. ஏதேன் தோட்டத்திலே ஆதி மனிதன் பேசிய மொழி எபிரேயமே என்றும், பாபேல் கோபுரம் எழுந்த நாளிலே மொழிகள் குழம்பியபின் ஏனையவெல்லாம் அதினின்றே பிறந்தன என்றும் இடைக்கால ஐரோப்பாவிலே பரவலாக நம்பப்பட்டது. ஆங்கிலச் சொற்களுக்கு எபிரேய மூலங் காட்டிய அகராதிகாரரும் பின்னர்த் தோன்றினர். செருமானிய மெய்யியலறிஞராகிய லைப்னிற்சு இக்கொள்கையை மறுத்தார். 1786 ஆம் ஆண்டு கல்கத்தாவிலே ஆசியக் கழகத்தார் முன்னிலையிற் சேர் வில்லியம் யோன்சு ஆற்றிய உரை, வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் பொதுவானதொரு மூலத்தினின்று தோன்றியிருத்தல் வேண்டும் என எடுத்துரைத்தது. அவ்வழிச் சென்ற ஆராய்ச்சியால், ஆங்கிலம் இந்து-ஐரோப்பியக் குடும்பத்துச் செருமானியக் கிளையைச் சேர்ந்தது என்பதும், எபிரேயம் அரபு, அரமேயம், அக்காதியம் என்பவற்றோடு செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் நிலைபெற்றன.

இவ்விரு குடும்பங்களின் இயல்பும் வேறு. எபிரேயச் சொற்களிற் பெரும்பாலானவற்றுக்கு மூன்று மெய்களாலான வேரே அடிப்படை. ம், ல், க் என்னும் மெய்கள் அரசு என்னும் பொருளைத் தாங்கி நிற்க, உயிர்கள் மாறிப் புகுதலாலும் ஈறுகள் சேர்தலாலும், மெலெக் என்பது அரசனையும், மல்கா என்பது அரசியையும், மல்கூத் என்பது அரசாட்சியையும் உணர்த்தும். ஆங்கிலத்திலே சிங், சாங், சங் என உயிர் திரிந்து காலங் காட்டும் வினைகளைக் கண்டு இரண்டும் ஒன்றென மயங்குவாரும் உளர். அத்திரிபு செருமானிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பழைய வழக்கு. செமித்திய வேரமைப்போடு அதற்கு உறவில்லை.

இனவுறவு இல்லையாயினும் கொள்ளல் கொடுத்தல் உண்டு. எபிரேய மறைநூல் கி. மு. 3 ஆம் நூற்றாண்டு முதலாக அலெக்சாந்திரியாவிலே கிரேக்கத்திலும், கி. பி. 400 ஐ அடுத்த ஆண்டுகளிலே எரோம் முனிவராற் பெரும்பாலும் எபிரேய மூலத்தினின்றே இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டது. ஆமென், அல்லேலூயா, மெசியா, சாத்தான் முதலிய சொற்கள் இவ்வழியே ஆங்கிலத்தை அடைந்தன. கல்லூரிகள் கொண்டாடும் யூபிலி விழாவின் பெயரும் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் யோபேல் என்னும் எபிரேயச் சொல்லினின்று வந்ததே. ஐம்பதாம் ஆண்டின் வருகையைக் கொம்பூதி அறிவித்தல் யூதர் மறைநூல் விதித்த முறை. யோகானான் என்பது யோன் ஆயிற்று. யாக்கோபு என்னும் பெயர் இலத்தீன் வாயிலும் பிரெஞ்சு வாயிலும் தேய்ந்து ஜேம்ஸ் எனத் திரிந்ததை நோக்குவார், சொற்கள் செல்லும் நெறியின் நெடுமையை உணர்வர்.

இத்தொடர்பை வலுப்படுத்தியவர் வில்லியம் திண்டேல். அவர் இலத்தீனை இடையீடாகக் கொள்ளாது எபிரேய மூலத்தினின்றே பெயர்த்த மோசேயின் ஐந்து நூல்களும் 1530 இல் வெளிவந்தன. எபிரேயத்தின் பண்பு இலத்தீனிலும் பார்க்க ஆங்கிலத்தோடு பன்மடங்கு பொருந்துவது என்பது அவர் துணிபு. அவர் கருதியது இனவுறவை அன்று, சொற்றொடரின் போக்கையே. எபிரேயர் ஒரு பொருளின் தலைமையைக் குறிக்க அரசருள் அரசன், பாட்டுக்களின் பாட்டு என அடுக்கிக் கூறுவர். அந்நடை ஆங்கிலத்திலே புகுந்து அம்மொழிக்குரியதே போல இயைந்துவிட்டது. பிறர் பிழையைச் சுமப்பவனைக் குறிக்கும் 'ஸ்கேப்கோட்' என்னும் சொல்லையும் திண்டேலே ஆக்கினார். 1536 இல் அவர் கழுத்து நெரிக்கப்பட்டுப் பின் எரிக்கப்பட்டார். ஆயினும் 1611 இல் யேம்சு மன்னன் ஆதரவில் வெளிவந்த மொழிபெயர்ப்பாளர் அவர் சொற்களையே பெரிதும் தழுவினர். எபிரேயமும் பிற மொழிகளிடங் கடன் கொண்டதே. சாலமோன் மன்னனின் மரக்கலங்கள் கொணர்ந்த பொருள்களைக் கூறுமிடத்து மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் துக்கி என்னுஞ் சொல், தமிழ்த் தோகையே எனக் கால்டுவெல் ஐயர் கொண்டார். அதனை ஐயுறுவாரும் உளர்.

எழுத்தின் வரலாறு இதனினும் சுவையுடையது. 1905 ஆம் ஆண்டிலே சீனாய்ப் பாலைநிலத்துச் செராபித் எல் காதிம் என்னுமிடத்திற் பழைய சுரங்கங்களின் அருகே பிளின்டேர்சு பெத்திரி சில கல்வெட்டுக்களைக் கண்டார். 1916 இல் அலன் காடினர் அவற்றுள்ளே 'பாலாத்', அஃதாவது தலைவி, என்னுஞ் செமித்தியச் சொல்லைப் படித்தறிந்தார். கி. மு. இரண்டாம் ஆயிரவாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டுக்கள் எழுத்துப் பிறந்த முறையைக் காட்டின. எகிப்தியரின் சித்திர எழுத்தைக் கண்ட செமித்தியர், பொருளின் உருவை வரைந்து அப்பொருட் பெயரின் முதலொலியை மட்டும் அதனாற் குறித்தனர். மாட்டுத்தலை ஆலெப், வீடு பேத், நீரலை மேம், கண் அயின். இவ்வழி வந்த 22 எழுத்துக்களைப் பொனீசியரும் எபிரேயரும் மோவாபியரும் சிறு வேறுபாடுகளோடு வழங்கினர். 1880 இல் எருசலேமின் நீர்ச்சுரங்கத்திலே கண்டெடுக்கப்பட்ட சீலோவாம் கல்வெட்டு, கி. மு. 700 அளவிலே வழங்கிய பழைய எபிரேய எழுத்துக்குச் சிறந்த சான்று. இரு புறத்திருந்தும் பாறையைக் குடைந்து வந்தோர், ஒருவர் குரலை ஒருவர் கேட்டு நடுவிலே சந்தித்த செய்தியை அது கூறுகின்றது.

அவ்வெழுத்திலே மெய் உண்டு, உயிர் இல்லை. சில மெய்களை நெட்டுயிர்க்கு அடையாளமாக இடையிடையே வழங்கினரேனும், உயிரைப் படிப்போனே பெய்துகொள்ளல் வேண்டும். இக்குறை பின்னாளிலே விந்தையானதொரு விளைவைத் தந்தது. யூதர் வாயாற் சொல்லத் துணியாத இறைவன் பெயரின் நான்கு மெய்களுக்கு, அதற்குப் பதிலாக ஓதிய அதோனாய் என்னுஞ் சொல்லின் உயிர்க்குறிகளை எழுதி வைத்தனர். அதனை அறியாத ஐரோப்பியர் இரண்டையுங் கூட்டி யெகோவா எனப் படித்தனர். தமிழ்க் கிறித்தவர் வழக்கிலும் அப்பெயர் உண்டு.

உயிருக்குத் தனி எழுத்து வகுத்த பெருமை கிரேக்கருடையது. பொனீசிய வணிகரிடம் எழுத்தைக் கற்ற அவர்கள், தம் நாவில் இல்லாத ஒலிகளுக்குரிய குறிகளை வீணாக்காது உயிர்களுக்கு ஆக்கினர். ஆலெப் அகரமாயிற்று; அயின் ஒகரமாயிற்று. வலமிருந்து இடமாக எழுதிய வரியை, எருது உழுவது போலத் திரும்பித் திரும்பி எழுதிப் பழகி, ஈற்றில் இடமிருந்து வலமாக நிலைப்படுத்தினர். அவரிடமிருந்து எத்துருசுக்கரும், எத்துருசுக்கரிடமிருந்து உரோமரும் எழுத்தைப் பெற்றனர். 597 இற் கிறித்தவத் துறவியர் இங்கிலாந்திலே கால்வைத்தபின், ஆங்கிலர் தம் பழைய ரூன் எழுத்தைச் சிறிது சிறிதாகக் கைவிட்டு உரோம எழுத்தை ஏற்றனர். ஆகவே ஆங்கில நெடுங்கணக்கை எபிரேயத்தின் மகள் எனல் பொருந்தாது. உடன்பிறந்தாள் வழிவந்த பேர்த்தி எனலே பொருந்தும்.

ஆயினும் பேர்த்தியின் முகத்திலே தெரியும் பழஞ்சாயல், எபிரேயரின் பிற்கால எழுத்திலே தெரியவில்லை. கி. மு. 586 இல் எருசலேம் வீழ்ந்து யூதர் பாபிலோனுக்குச் சிறைசென்றனர். பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியாக விளங்கிய அரமேயத்தின் எழுத்து அவர்களிடையே வேரூன்றிச் சதுர வடிவம் பெற்றது. இன்று எபிரேய எழுத்தெனப்படுவது அதுவே. பழைய தாவ் சிலுவை வடிவினது, அயின் வட்டமானது. சதுர எழுத்திலே இவ்விரு வடிவும் மறைந்தன. ஆங்கிலத்து 'ரீ' இன்னும் குறுக்குக்கோடு உடையது. 'ஓ' இன்னும் வட்டமே. 'ஏ' என்னும் பெரிய எழுத்தைத் தலைகீழாகத் திருப்பினால், இரு கொம்புடைய மாட்டுத்தலை தோன்றும்.

பழைய எழுத்து உடனே அழிந்துவிடவில்லை. 132 முதல் 135 வரை உரோமரை எதிர்த்துப் போரிட்ட பார் கொக்பாவின் நாணயங்கள் அவ்வெழுத்தைத் தாங்கின. விடுதலை வேண்டினோர் முன்னோர் எழுத்தை நாடியது வியப்பன்று. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளிலே கிடைத்த சுருள்கள் சிலவற்றில், ஏனைய சொற்களெல்லாம் சதுர எழுத்தில் இருக்க, இறைவன் பெயர் மட்டும் பழைய எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. நாப்லூசு நகரை அடுத்த கெரிசீம் மலையிலும் தெல் அவீவை அடுத்த ஓலோனிலும் வாழும் சமாரியர் ஆயிரவர் அளவினரும் இலர். அவர்கள் இன்றும் தம் மறைநூலைப் பழைய எழுத்தின் வழிவந்த வடிவிலேயே கையால் எழுதி ஓதுகின்றனர்.