‘போ’ என்னும் தேயிலைப் பெயர்

பகாங்கு மாநிலத்துக் கேமரன் மலையில் விளையும் தேயிலையுள் பெரிதும் அறியப்பட்டது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தாலாகிய பெயரை உடையது. பொட்டலத்தின்மீது அம்மூன்றும் பெரிய எழுத்துகளாகவே பொறிக்கப்படுகின்றன. கலைக்களஞ்சியத்திற்கோ பாடநூலுக்கோ அப்பெயரைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ‘போ’ என எழுதுவதா? ‘பி.ஓ.எச்.’ எனப் புள்ளியிட்டு எழுதுவதா?

ஆங்கிலத்திற்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டு. தமிழுக்கு அவ்வேறுபாடு இல்லை. பெயரைச் சுருக்கி எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டுமாயின் நாம் இடுவது புள்ளியே. உ.வே.சா., திரு.வி.க. என்பன யாவரும் அறிந்தவை. ஆங்கில வணிகர் கண்ணைக் கவர்தற்பொருட்டு முழுச்சொல்லையும் பெரிய எழுத்தில் பொறிப்பர். சுருக்கத்தையும் அவ்வாறே பொறிப்பர். எது சொல், எது சுருக்கம் என்பதை அவ்வெழுத்து காட்டாது. தமிழிலோ புள்ளி இட்டால் ஒன்று, இடாவிட்டால் மற்றொன்று. ஆகவே ஆங்கிலப் பொட்டலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் எழுதுவோர் சொல்லியே தீரவேண்டியிருக்கிறது. அதற்குப் பெயரின் பிறப்பை ஆராய்தல் வேண்டும்.

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைநிலத்தைக் கண்டு குறித்தது 1885இல். தோட்டங்கள் தோன்றப் பல்லாண்டுகள் ஆயின. உலகப் பொருளியல் நெருக்கடி தொடங்கிய 1929ஆம் ஆண்டிலே ஜே. ஏ. ரசல் என்பார், இலங்கையில் தேயிலைத் தொழிலிற் பழகிய மில்ன் என்பாரின் துணையோடு இத்தோட்டத்தை நிறுவினார். சரிவுகளிற் கொழுந்து பறிக்க வந்தோருள் தமிழர் பலர்.

பெயர்க்காரணமாக இருவேறு செய்திகள் வழங்குகின்றன. ‘பெஸ்ட் ஆஃப் ஹைலண்ட்ஸ்’, அதாவது மலைநாட்டிற் சிறந்தது என்னும் தொடரின் முதலெழுத்துகளே இப்பெயர் என்பது ஒன்று. கேட்க இனிதாயினும், பெயர் வழங்கிய பின்னர் அதற்குப் பொருத்திக்கொண்ட விளக்கம் போலவே இது தோன்றுகிறது. அத்தொடரில் ‘ஹைலண்ட்ஸ்’ என்பதற்கு முன் ஆங்கில மரபு வேண்டும் ‘தி’ என்னும் சொல் இல்லாமையும் நோக்கத்தக்கது.

மற்றொன்று சீனத்தோடு தொடர்புடையது. ஃபூஜியன் மாநிலத்து ஊயி மலை தேயிலைக்குப் பெயர்போனது. அம்மலைப் பெயரை அந்நாட்டுக் கடற்கரை மக்களின் ஒலிப்பைப் பின்பற்றி ஆங்கிலேயர் ‘போஹீ’ என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அது கறுப்புத் தேயிலையின் பெயராகவே ஐரோப்பாவில் வழங்கிற்று. 1773இல் பாஸ்டன் துறைமுகத்திற் கடலிலே கொட்டப்பட்ட தேயிலையுள் பெரும்பகுதி போஹீயே. கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வெவ்வேறு செடிகளின் இலை எனக் கருதிய லின்னேயசு, 1762இல் ஒன்றற்குத் ‘தியா போஹியா’ எனப் பெயரிட்டார். இரண்டும் ஒரே செடியின் இலை என்பது பின்னரே தெளிந்தது. போஹீ என்பதனை ஆங்கிலத்தில் எழுதும் ஐந்தெழுத்தில் முதல் மூன்றும் கேமரன் மலைத் தேயிலையின் பெயரே. இவ்விரண்டாம் காரணமே வலியுடையது எனலாம். முதலாவதை ஏற்பினும், மக்கள் அதனை எழுத்தெழுத்தாகச் சொல்வதில்லை. ஒரே அசையாகவே ஒலிக்கின்றனர்.

விமான நிறுவனப் பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1920இல் நீண்டதொரு பெயரின் முதலெழுத்துகளால் ஆயது. எனினும் இன்று முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு சொல்லாகவே அது எழுதப்படுகிறது. 1972இல் மலேசிய–சிங்கப்பூர் விமான நிறுவனம் பிரிந்தபோது தோன்றிய மலேசிய நிறுவனத்தின் சுருக்கத்தையும் மக்கள் ‘மாஸ்’ என்றே ஒலித்தனர். மலாயில் பொன்னைக் குறிக்கும் சொல்லோடு அஃது ஒத்திருந்தது. சுருக்கமாய்ப் பிறந்தவையே சொல்லாகிவிட்டன என்றால், சொல்லின் துண்டாய்த் தோன்றும் போவுக்குப் புள்ளி எதற்கு?

இனி இலக்கணத்தார் எழுப்பும் தடை ஒன்றுண்டு. ‘போ’ தமிழில் ஏவல்வினை. ‘போ தேயிலை’ என்பது தேயிலையை விரட்டுவது போல் இராதோ? ‘பூக்கூடை’ போல வல்லினம் மிகுத்துப் ‘போத் தேயிலை’ என்றால் பெயரென்பது விளங்கும் எனச் சிலர் கூறலாம். ஆனால் ஏவலின் முன்னும் வல்லினம் இயல்பாதலையும் மிகுதலையும் நன்னூலார் ஒப்பினமையின், அம்முறை முழுக் காவலன்று. மேலும் பிறமொழிச் சிறப்புப்பெயரைப் புணர்ச்சியால் உருமாற்றுவது படிப்போரைத் தடுமாறச் செய்யும். ‘ஏர்ஏசியா’வை ‘ஏரேசியா’ என எவரும் எழுதுவதில்லை அன்றோ? முதன்முறை வருமிடத்து மேற்கோட்குறிக்குள் இட்டுப் பின் ‘போ தோட்டம்’ என எழுதினால் போதும். வேற்றெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக எனத் தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த நெறிப்படி ஆங்கில ஒலிக்குப் பகரமே அமையும். அதே மலையில் உள்ள பாரத் தோட்டத்திற்கு இவ்விடர் இல்லை; அப்பெயர் தமிழர் நாவிற்கு முன்பே பழகியது.

போ தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளியும் தாங்கியிருக்கிறது. அப்பள்ளியின் வரலாற்றைத் தேடும் மாணவன் சொல்லடைவில் பகர ஓகார வரிசையையே புரட்டுவான். தொகுப்பாசிரியர் ‘பி’ வரிசையில் அதனை வைத்திருப்பின், தன் பள்ளி அந்நூலில் இல்லை என்றெண்ணி நூலை மூடிவிடுவான்.