விளையாட்டு நிரலும் விதைநெல்லும்

கணினி விளையாட்டைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது, அது பிள்ளைகளைக் கெடுக்கின்றதா என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனை ஆக்கியவர் யார், அந்த ஆக்கம் யாருடைய உடைமை என்ற கேள்விகள் எழுவதேயில்லை. ஆனால், கணினியின் வரலாற்றில் விளையாட்டு வகித்த இடம் சிறிதன்று.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கென் தொம்சன், சூரிய மண்டலத்தில் விண்கலமொன்றைச் செலுத்தும் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற விளையாட்டை எழுதினார். 'மல்டிக்ஸ்' என்ற அமைப்பிற்காக முதலில் எழுதியதைப் பின்னர் போட்ரன் மொழியிற் பெயர்த்து, ஜி.ஈ. 635 என்ற பெருங்கணினியில் ஓட்டினார். அங்கே ஒருமுறை விளையாடுவதற்குக் கணினி நேரம் மட்டும் 75 டொலர் வரை கணக்காயிற்று. ஆகவே, அதிகம் பயன்படாது கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறு கணினியை அவர் நாடினார். டெனிஸ் ரிச்சியும் துணைநின்றார். விளையாட்டு முழுவதும் அச்சிறு கணினிக்காக மீண்டும் எழுதப்பட்டது. பெருங்கணினியிலே ஆயத்தம் செய்த நிரலைத் துளையிட்ட காகித நாடாவில் ஏற்றி, கையிற் கொண்டுவந்து சிறு கணினிக்கு ஊட்டினர். இவ்வாறு அப்பொறியைப் பழகிய பின்னரே யுனிக்ஸ் இயங்குதளம் அதில் உருப்பெற்றது.

ஒரே விளையாட்டை மூன்று இடங்களுக்காக மூன்று முறை எழுத நேர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். பொறிக்குப் பொறி மொழி வேறு. ரிச்சி ஆக்கிய சி மொழி இந்த வீண் உழைப்பைப் பெரிதும் குறைத்தது. 1973 இல் யுனிக்ஸும் அம்மொழியில் திரும்ப எழுதப்பட்டது. மனிதர் வாசிக்கக்கூடிய மூலநிரலை ஒருமுறை எழுதிவிட்டால், அந்தந்தக் கணினிக்குரிய தொகுப்பான் அதனை அந்தந்தப் பொறிமொழிக்கு மாற்றித் தரும்.

இறக்காமத்து வயற்காரருக்கு இதனை விளக்குவது கடினமன்று. கடை அரிசி சமைக்க உதவும், முளைக்காது. தொகுத்து விற்கப்படும் விளையாட்டு அரிசி; அதன் மூலநிரல் விதைநெல். குளத்து நீர் பாயும் வயலுக்கும் மானாவாரிக்கும் பண்படுத்தும் முறை வேறுபடுவதுபோல, திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவை தொடர்பான பகுதிகளைக் கணினிக்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும். விதை இருந்தாற்றான் திருத்தம்.

அவ்விதையை வைத்திருப்போர் மனமுவந்து கொடுத்ததில்லை என்பதும் வரலாறே. தொகுப்பானே விலைப்பண்டமாயிருந்த காலத்தில், றிச்சர்ட் ஸ்டோல்மன் 1987 இல் ஜி.சி.சி. என்னும் தொகுப்பானை எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடன் வெளியிட்டார். அது இல்லையேல், விதை கிடைத்தும் கலப்பையற்றவராகவே நாம் இருந்திருப்போம்.

1993 இல் வெளிவந்த 'டூம்' விளையாட்டின் கதை இன்னும் தெளிவானது. அதன் கொலைவெறியை நாம் போற்றவில்லை. துப்பாக்கிச் சத்தத்தை நேரிற் கேட்டு வளர்ந்த மண் இது. ஆயினும், 1997 டிசம்பர் 23 அன்று ஜோன் கார்மாக் அதன் மூலநிரலை வெளியிட்டபோது நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. விற்பனையிற் பெரும்பாலோர் வாங்கியது டொஸ் வடிவம். வெளியானதோ லினக்ஸ் வடிவம். டொஸ் வடிவத்தின் ஒலிப்பகுதி வேறொருவரின் உடைமையாயிருந்தமையே காரணம். தாமே எழுதிய விளையாட்டை முழுமையாகக் கொடுக்க எழுதியவருக்கே உரிமை இருக்கவில்லை! ஒலிப்பகுதியைத் தொண்டர்கள் புதிதாக எழுதிக்கொண்டனர். 1999 இல் அந்நிரல் பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதன் ஓவியங்கள் விலைக்குரியனவாகவே இருந்தமையால், 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் அவற்றுக்கு மாற்றாகப் புதியனவற்றையும் வரைந்தளித்தனர்.

இவற்றினும் நமக்கு உவப்பானது 'ஃப்ரீசிவ்'. நிலத்தைப் பயிரிட்டு, நீர் பாய்ச்சி, நகரமைத்து வளர்க்கும் இவ்விளையாட்டை, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் ஆக்கி, 1996 ஜனவரியில் மூலநிரலுடன் வெளியிட்டனர். யுனிக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்டது, பிறரது உழைப்பால் விண்டோஸ், அமீகா முதலியவற்றுக்கும் சென்றது. வெவ்வேறு வகைக் கணினிகளின் முன்னிருப்போர் வலையமைப்பின் வழியே ஒரே ஆட்டத்தில் ஈடுபடவும் முடியும்.

நம் பாடசாலைகளுக்கு இதனால் என்ன? விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பை ஏற்காத கணினிகள் பழுதில்லாமலே பயனற்றவை எனப்படுகின்றன. மறுபுறம், தொகுப்பான் என்றால் என்ன என்ற வினாவுக்கு உயர்தர மாணவர் இரண்டு வரியில் விடையெழுதிப் புள்ளி பெறுகின்றனர். அதனை இயக்கிப் பார்த்தவர் அரியர். ஒதுக்கப்பட்ட கணினி இரண்டில் நாம் லினக்ஸை நிறுவி, மாணவரைக் கொண்டு ஃப்ரீசிவ்வைத் தொகுப்பிக்க முயன்றோம். முதல் முயற்சி இடையில் நின்றது. தேவையான கோப்பொன்று இல்லையெனத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவ்வரி சொல்வது என்ன, அக்கோப்பை யார் எழுதியது, அது எங்கே கிடைக்கும் என்று தமிழிற் பேசித் தெளிவதிலேயே அன்றைய பாடவேளைகள் இரண்டும் சென்றன.