சாய்வெழுத்து தடித்த கதை



ஆங்கில விளம்பரங்களிலே வலப்பக்கம் சாய்ந்து, மையை அள்ளி அப்பினாற்போலத் தடித்து நிற்கும் எழுத்துகளைக் கண்டிருப்பீர்கள். அவை கடைத்தெருவுக்கென்றே பிறந்தவை என எண்ணத் தோன்றும். ஆயின் அவற்றின் மூதாதை உரத்துப் பேசவே அறியாத ஓர் எழுத்து.

இத்தாலியின் வெனிஸ் நகரிலே அல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர், 1501ஆம் ஆண்டில், இலத்தீன் மகாகவி வேர்ஜிலின் பாடல்களைக் கையடக்கமான நூலாக வெளியிட்டார். நூல் முழுவதும் சாய்வெழுத்து. அறிஞர்கள் விரைந்தெழுதும் கையெழுத்தைப் பின்பற்றி, பிரான்சிஸ்கோ கிரிபோ என்னும் கம்மியர் அதனை உருக்கிலே செதுக்கிக் கொடுத்தார். ஒரு விநோதம்: சிறிய எழுத்துகள் மாத்திரமே சாய்ந்தன, வரியின் தொடக்கத்திலே வரும் பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. தனியே அமர்ந்து கவிதை படிப்பவனுக்கு ஏற்ற அடக்கமான எழுத்து அது.

பிரான்சிய நாட்டு லியோன் நகரத்தார் இதனைத் திருட்டுத்தனமாகப் போலி செய்தனர். 1503இல் அல்டஸ் அவர்களைக் கண்டித்து, போலிப் பதிப்புகளின் பிழைகளையெல்லாம் பட்டியலிட்டு அறிக்கை விடுத்தார். அப்பட்டியலைக் கொண்டே அவர்கள் தம் பிழைகளைத் திருத்திக்கொண்டனர் என்பர்! கிரிபோவும் அல்டஸைப் பிரிந்து சென்றார். பிற்காலத்தில் சாய்வெழுத்து, நிமிர்ந்த எழுத்தின் நடுவே ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டும் துணையெழுத்தாய் அமைந்தது.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. இலண்டன் நகரச் சுவர்களிலே நாடக அறிவித்தல்களும், ஏல விற்பனை அறிவித்தல்களும், எல்லாவற்றையும் விஞ்சி அரசாங்க லொத்தர் அறிவித்தல்களும் நெருங்கி மொய்த்தன. நூலுக்கென வார்த்த மெல்லிய எழுத்து, நடந்து செல்பவனை எவ்வாறு நிறுத்தும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றொபேட் தோர்ன் முதலிய எழுத்து வார்ப்போர் தடித்த கோட்டை மேலும் தடிக்கச் செய்தனர். மெல்லிய கோட்டையோ மயிரிழையாகவே விட்டனர். எழுத்துக்குக் கொழுத்த முகம் என்றே பெயராயிற்று. அதன் சாய்ந்த வடிவமே நாம் பேசும் எழுத்து. கோடுகளின் நுனியிலே மிளகுபோல் உருண்ட பொட்டுகள், பெருத்த உடல், ஆயினும் ஓடுகின்ற சாயல். தடிப்பு மட்டுமிருந்தால் கனத்து உட்கார்ந்துவிடும். சாய்வு அதனை எழுப்பி ஓடவிடுகிறது.

ஒரு சொல்லுக்கு, இரு சொல்லுக்கு இது அழகு. பத்தி முழுவதையும் இதிலே அச்சிட்டால் கண் களைத்துப்போம். எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டு உருவம் மயங்கும். என் மாணாக்கர் விளையாட்டுப் போட்டி அறிவித்தலிலே வரிக்கு வரி தடித்த சாய்வெழுத்து எழுதிக் கொணர்ந்தபோது, "எல்லாரும் கூவினால் யாருக்குச் செவிகொடுப்பது?" என்று வினவினேன். மறுமுறை திகதி மாத்திரமே தடித்திருந்தது.

1820இல் தோர்ன் காலமானார். அவருடைய வார்ப்பகத்தை வில்லியம் தோரோகுட் என்பவர் விலைக்கு வாங்கினார். அதற்கான பணம் அவருக்கு லொத்தர்ப் பரிசாகக் கிடைத்ததாம். லொத்தரைக் கூவி விற்ற எழுத்தை லொத்தர்ப் பணமே வாங்கியது! 1826இல் இங்கிலாந்தின் அரசாங்க லொத்தர் நிறுத்தப்பட்டது. எழுத்தோ நிற்கவில்லை. 1953இல் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகத்தார் அதனைத் தோரோகுட் என்ற பெயராலேயே மீண்டும் வெளியிட்டனர். முதலிற் செதுக்குவித்த தோர்னின் பெயர் அதில் இல்லை.