வம்சாவளி கேட்ட ஓர் அரசாணை

2025 டிசம்பரில் நம் சங்கத்து நண்பர்கள் அடங்கிய ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. 14-ம் தேதி சிட்னியின் பாண்டை கடற்கரையில் ஹனுக்கா விளக்கேற்றக் கூடியிருந்த யூதக் குடும்பங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 15 பேர் இறந்த வாரம் அது. முதல் செய்தி, உலகத்து வங்கிகளும் பத்திரிகைகளும் யூதர் கையில் இருப்பதால்தான் போகிற இடமெல்லாம் அவர்களுக்கு இந்தக் கதி என்றது. இரண்டாவது, 'நாம்தான் தமிழ்நாட்டின் யூதர்கள்' என்று ஆரம்பித்தது. இரண்டுக்கும் கைகூப்பிய படம் போட்டவர்களில் சிலர் அதே அன்பர்கள்தான்!

அடியேன் சரித்திரம் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன். பௌதிகப் புத்தகத்துப் பெயர்கள் கொஞ்சம் தெரியும். சர்வீஸ் ரூல்ஸ் நன்றாகத் தெரியும். இந்த இரண்டும் சந்திக்கிற ஓர் இடம் யூதர்களின் கதையில் உண்டு. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1920-களில் ஜெர்மனியின் கோட்டிங்கென் என்ற சிறிய ஊர் பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் காசி மாதிரி. அங்கே தியரிட்டிகல் பௌதிகத்துக்குத் தலைவர் மாக்ஸ் பார்ன். அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள் பௌலியும் ஹைஸன்பர்க்கும். இத்தாலியிலிருந்து ஃபெர்மி, அமெரிக்காவிலிருந்து ஓப்பன்ஹைமர், இங்கிலாந்திலிருந்து டிராக் எல்லோரும் அங்கே வந்து தங்கிப் போனவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் சோதனை பௌதிகத்துக்கு ஜேம்ஸ் ஃப்ராங்க். 1925-ம் வருஷ நோபல் பரிசு பெற்றவர். கணிதத்தில் ஹில்பர்ட், கூரன்ட், எம்மி நோத்தர். இவர்களில் பார்ன், ஃப்ராங்க், கூரன்ட், நோத்தர் நால்வரும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அது அன்றாடப் பேச்சுக்கு வராத விஷயமாக இருந்தது. பார்ன் 1914-லேயே லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்.

1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 7-ல் ஒரு சட்டம் வெளியாயிற்று. அதன் பெயர் 'தொழில்முறை அரசுப் பணியை மீட்டமைப்பதற்கான சட்டம்'. முதன்முதலில் இந்தப் பெயரைப் படித்தபோது ஏதோ சம்பளக் கமிஷன் சிபாரிசு போல இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். யூதர் என்ற வார்த்தையே தலைப்பில் இல்லை. மூன்றாவது பிரிவில், 'ஆரிய வம்சாவளியைச் சேராத' அரசு ஊழியர்கள் ஓய்வு கொடுத்து அனுப்பப்படுவார்கள் என்று ஒரு வரி. நான்கு நாள் கழித்து விளக்க விதி வந்தது: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதர் என்றாலும் போதும். எந்த விதிக்கும் விலக்கு உண்டல்லவா? 1914 ஆகஸ்டுக்கு முன் பணியில் இருந்தவர்கள், முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்கள், தகப்பனையோ பிள்ளையையோ அந்தப் போரில் பறிகொடுத்தவர்கள் ஆகியோருக்கு விலக்கு. பிறகு படிவங்கள், பிறப்புச் சான்றுகள், தாத்தாவின் மதத்துக்கு அத்தாட்சி. ஜெர்மனியில் பேராசிரியர்களும் அரசு ஊழியர்களே. ஆகையால் இந்த ஒரே சட்டத்தில் பல்கலைக்கழகங்கள் முழுவதும் அடங்கிவிட்டன.

இதை டிராஃப்ட் செய்தவரும் என்னைப் போல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிரிவுக்குப் பிரிவு எண் போட்டு, மேலதிகாரிக்கு 'அங்கீகாரத்துக்கு' என்று அனுப்பியிருப்பார். அந்த நினைப்பு என்னை விட்டுப் போக மறுக்கிறது.

ஏப்ரல் 25 அன்று, தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டோர் பட்டியலில் தன் பெயரைப் பார்ன் பத்திரிகையில் பார்த்தார். மே மாதம் மனைவி குழந்தைகளோடு இத்தாலி எல்லைக்குள் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போய்விட்டார். ஃப்ராங்க் போர்முனையில் நின்றவர். விலக்கு அவருக்குப் பொருந்தும். விலக்கு வேண்டாம் என்று அதற்கு ஒரு வாரம் முன்பே பகிரங்கமாக ராஜினாமா செய்தார். சக பேராசிரியர்கள் என்ன செய்தார்கள்? கோட்டிங்கென் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 42 பேர், ஃப்ராங்கின் ராஜினாமா தேசத்துக்கு எதிரான நாசவேலை என்று கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். நான் அதிகம் யோசித்தது அந்த 42 பேரைப் பற்றித்தான். ரௌடிகள் அல்ல, ஆராய்ச்சியாளர்கள். தினமும் தாழ்வாரத்தில் ஃப்ராங்கைப் பார்த்து வணக்கம் சொன்னவர்கள். பார்னோடும் ஹைஸன்பர்கோடும் சேர்ந்து குவாண்டம் பௌதிகத்தின் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய பாஸ்குவல் ஜோர்டான் அதே 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யுத்தம் முடிந்த பிறகு, தனக்கு நற்சான்று வேண்டும் என்று அவர் பார்னுக்கு எழுதினார். பார்ன் பதிலாக அனுப்பியது, நாஜிகளால் மாண்ட தன் உறவினர், நண்பர்களின் பட்டியல்.

கல்லூரியில் நாங்கள் படித்த ஸ்டார்க் விளைவு அறிவியல் படித்த அன்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கண்டுபிடித்த யோஹானஸ் ஸ்டார்க் 1919-ன் நோபல் பரிசுக்காரர். கதோடுக் கதிர் ஆராய்ச்சிக்காக 1905-ல் பரிசு பெற்றவர் லெனார்ட். இந்த இருவரும்தான் ரிலேட்டிவிட்டி 'யூத பௌதிகம்', அது ஜெர்மானியருக்கு ஆகாது என்று பிரசாரம் செய்தவர்கள். லெனார்ட் 'ஜெர்மன் பௌதிகம்' என்று நான்கு பாகத்தில் புத்தகமே எழுதினார். ஹைஸன்பர்க் யூதர் அல்ல. ஆனால் ஐன்ஸ்டீனின் தத்துவத்தைக் கற்பித்தார். ஆகவே 1937-ல் எஸ்.எஸ். பத்திரிகையில் அவருக்கு 'வெள்ளை யூதன்' என்ற பட்டம் கிடைத்தது. நோபல் பரிசு வாங்கிய மூளைக்கும் இந்த வியாதி வரும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். பார்ன் கேம்பிரிட்ஜில் தற்காலிக வேலையில் இருந்தபோது அவரை அழைத்தவர் நம் சர் சி.வி. ராமன். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு 1933-ல் முதல் இந்திய டைரக்டராக வந்திருந்த ராமன், ஜெர்மனியிலிருந்து துரத்தப்படும் விஞ்ஞானிகள் இங்கே வரட்டும் என்று நினைத்தார். பார்னும் மனைவி ஹெடியும் 1935-36 குளிர்காலத்தில் பெங்களூர் வந்து சுமார் ஆறு மாதம் இருந்தார்கள். பார்னுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர வேண்டும் என்று ராமன் பேராசிரியர்கள் கூட்டத்தில் மிகவும் புகழ்ந்து பேசினார். பார்னும் அங்கே உட்கார்ந்திருந்தார். அப்போது ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டால் விரட்டப்பட்ட இரண்டாம் தர அந்நியர் நமக்குப் போதாது என்ற பொருளில் பேசினார். வீடு திரும்பி மனைவியிடம் அழுததாகப் பார்னே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பதவி கிடைக்கவில்லை. 1936-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக எடுத்துக்கொண்டது. மறுவருஷம் ராமனும் டைரக்டர் பதவியை விட வேண்டியதாயிற்று. (பிற்காலத்தில் படிகங்களின் அதிர்வு பற்றி ராமனும் பார்னும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ராமனின் சுபாவம் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது.)

ராமன் செய்ததை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், நானும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்தில் நம் திண்ணைகளில் என்ன பேசினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தஞ்சை ஜில்லாவில் எங்கள் கிராமத்துத் திண்ணையில், 1960-வாக்கில் கூட, என் பெரியப்பா ஹிட்லரை 'மகா தீரன்' என்பார். நம்முடைய ஓலைச்சுவடிகளைக் கொண்டுபோய்த்தான் அவன் ஆகாய விமானம் செய்தான், கொடியிலே ஸ்வஸ்திகம் வைத்தான், அவனும் ஆரியன்தானே என்பார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர். அவர் வாழ்நாளில் ஒரு யூதரைப் பார்த்ததில்லை. ஹிட்லரின் 'மைன் காம்ப்' இன்றும் நம் நாட்டில் நடைபாதைக் கடைகளிலே தாராளமாக விற்கிறது. வாங்குகிறவர்கள் முழுவதும் படிக்கிறார்களா என்று சந்தேகம். அந்தப் புத்தகத்திலேயே இந்திய சுதந்திரப் போராட்டக்காரர்களை அவர் ஏளனம் செய்து, இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட இங்கிலீஷ்காரன் கையில் இருப்பதே தேவலை என்று எழுதியிருக்கிறார். பெரியப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நான் யூதர் ஒருவரை முதலில் பார்த்தது 1970-களின் பிற்பகுதியில், கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன பிறகுதான். ஜாகை லேக் மார்க்கெட் பக்கம். வாசலில் இறங்கினால் தமிழ் கேட்கும். ஆபீஸ் டல்ஹௌசி பகுதியில். மத்தியானத்தில் நடக்கப் போவேன். கானிங் ஸ்ட்ரீட் பக்கம் 1884-ல் கட்டிய மாகென் டேவிட் என்ற யூதக் கோயில். சர்ச் போல உயர்ந்த கோபுரத்தோடு சிவப்புச் செங்கல் கட்டடம். கொஞ்ச தூரத்திலேயே போர்ச்சுகீசிய சர்ச், ஆர்மீனியன் சர்ச், நகோடா மசூதி, பார்சி அக்னி ஆலயம், சீனர்கள் காலைப் பலகாரம் விற்கும் டிரெட்டி பஜார். அந்த யூதக் கோயிலைத் தலைமுறையாகப் பெருக்கி, விளக்குத் துடைத்துப் பராமரித்து வந்தவர்கள் முஸ்லிம்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்குக் கதவைத் திறந்து, தலையை மூடிக்கொள்ளச் சொல்லி உள்ளே விட்டார். அங்கே ஒரு முதியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். 'மதராஸ்' என்றேன். 'எங்கள் தாத்தா பாக்தாத்' என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

நியூ மார்க்கெட்டில் நஹூம் கேக் கடை பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பத்துடையது, 1902-ல் ஆரம்பித்தது. அங்கே கேக் செய்கிறவர்கள் முஸ்லிம்கள், கிறிஸ்துமஸுக்கு வரிசையில் நிற்பவர்கள் வங்காளி இந்துக்கள். முட்டை கலந்தது என்பதால் நானும் ஒரு துண்டு வாங்கி, ஆத்துக்குத் தெரியாமல் வெளியிலேயே தின்றுவிட்டு வருவேன்! 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைய ஏற்பாடு செய்த ஜெனரல் ஜேக்கப் கல்கத்தாவின் இந்தச் சமூகத்தில் பிறந்தவரே. ஒரு காலத்தில் சில ஆயிரம் பேர் இருந்த இடத்தில் இப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே மிச்சம். யாரும் துரத்தவில்லை, இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் தாங்களாகவே போனார்கள். இந்த மண்ணில் அவர்களைக் குறிவைத்துக் கொன்றது 2008 நவம்பரில், மும்பை நரிமன் ஹவுஸில், வெளியிலிருந்து வந்தவர்கள். அங்கே ஆறு பேர் மாண்டார்கள். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியவர் ஆயா சாண்ட்ரா சாமுவேல்.

காஸாவில் இஸ்ரேல் சர்க்கார் நடத்திய யுத்தத்தைக் கண்டிப்பவர்கள் கண்டிக்கட்டும். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. 2023 அக்டோபருக்குப் பிறகு அந்தக் கோபம் பல ஊர்களில் கோயிலுக்குப் போகும் கிழவர் மீதும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மீதும் பாய்கிறது. கோபத்துக்குக் காரணம் காஸா மட்டும் என்றும் சொல்ல முடியாது. 2018-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிரார்த்தனைக்கு வந்த 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், யூத அமைப்பு அகதிகளுக்கு உதவுகிறது என்பதற்காகச் சுட்டான். பாண்டையில் துப்பாக்கிக்காரன் ஒருவன் மீது வெறுங்கையோடு பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர் சிரியாவிலிருந்து குடியேறிய ஒரு முஸ்லிம் கடைக்காரர். வாட்ஸ்அப்பில் அந்தச் செய்திக்கு அவ்வளவு கைகூப்பல் வரவில்லை.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். 'தமிழ்நாட்டின் யூதர்கள்' என்ற சொல்லை நானே ஒரு கூட்டத்தில் உபயோகித்தவன், கைதட்டலும் கிடைத்தது. இன்று அதைத் திரும்பப் பெறுகிறேன். 1928-ல் அமலான கம்யூனல் ஜி.ஓ. இடங்களைப் பங்கிட்டது. நம்மவர் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1951-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. பிறகு அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. இடம் கிடைக்காத நாம் டில்லிக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறினோம். ரயில் நம்மை வேலைக்குக் கொண்டுபோயிற்று; குவார்ட்டர்ஸும் பிராவிடண்ட் ஃபண்டும் கிடைத்தன. மனத்தாங்கல் நமக்கு உண்டு, ஏளனம் பட்டதும் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். 1933-ன் சட்டமோ உட்கார்ந்திருந்தவரை எழுப்பி வெளியே அனுப்பியது. 1935-ல் குடியுரிமை போயிற்று. 1942 ஜனவரியில் பெர்லின் அருகே வான்ஸீ ஏரிக்கரை பங்களாவில் 15 அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் வேலையை இலாகா இலாகாவாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். அறுபது லட்சம் பேர் மாண்டார்கள். அவர்கள் ஏறிய ரயில் வேறு.

வம்சாவளி கேட்கும் வழக்கம் நம்மிடமும் இருந்தது என்பதை இந்த இதழில் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. 'பிராமணர்களுக்கு மட்டும்' என்று வாசலில் வாடகை போர்டு தொங்கிய வீட்டில் நானே குடியிருந்திருக்கிறேன். அப்போது அது சௌகரியமாகவே இருந்தது.

பார்ன் 1953-ல் எடின்பரோவில் ஓய்வு பெற்றார். அதே வருஷம் கோட்டிங்கென் நகரம் அவரையும் ஃப்ராங்கையும் கூரன்டையும் கௌரவக் குடிமக்களாக்கியது. 1954-ல் அவருக்கு நோபல் பரிசு. எடின்பரோ பென்ஷன் போதவில்லை. ஜெர்மன் சர்க்கார் அவருடைய பழைய கோட்டிங்கென் பதவிக்குரிய பென்ஷனைத் தரத் தயாராக இருந்தது, ஆனால் ஜெர்மனியில் வசித்தால்தான். ஆகவே துரத்திய நாட்டுக்கே திரும்பிப் போய், கோட்டிங்கெனுக்குக் கொஞ்ச தூரத்தில் பாட் பிர்மான்ட் என்ற சிற்றூரில் குடியிருந்தார். ராமன் காலமான அதே 1970-ல் அவரும் காலமானார். கோட்டிங்கெனில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவருடைய குவாண்டம் சமன்பாடு பொறித்திருக்கிறது.