கொல்வதா, கிளப்புவதா: பிரிட்டனின் டெரியர் நாய்களும் அவற்றின் தொழிலும்

நிலத்தைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'டெரியர்' என்ற பெயர், முதலில் ஒரு நாயினத்தைச் சுட்டவில்லை; வளைக்குள் பதுங்கிய விலங்கைத் தேடி மண்ணுக்குள் இறங்கும் சிறுநாய் எதுவாயினும், அதன் நிறமும் மயிரும் எப்படி இருந்தாலும், அது டெரியர் எனப்பட்டது. 1486-இல் அச்சான 'புனித ஆல்பன்ஸ் நூல்' தரும் நாய்ப் பட்டியலிலேயே இப்பெயர் காணப்படுகிறது. டியூடர் மன்னர்களின் மருத்துவராக விளங்கிய ஜான் கையஸ், பிரிட்டனின் நாய்களைப் பற்றி 1570-இல் லத்தீனில் எழுதிய சிறுநூலில், செந்நரியையும் பேட்ஜரையும் இந்நாய் வேட்டையாடும் முறையை விவரித்தார். பேட்ஜர் என்பது முகத்தில் கருப்பு வெள்ளைப் பட்டைகளும் வலிய நகங்களும் கொண்டு, நிலத்தடியில் பல அறைகளுள்ள வளைகளைத் தோண்டி வாழும் விலங்கு. வளைக்குள் புகுந்த நாய் எதிரியை அங்கேயே கடித்துக் குதறும், அல்லது வெளியே இழுத்துவரும், அல்லது அச்சுறுத்தித் துரத்திவிடும் என்று கையஸ் இவற்றை ஒரே மூச்சில் அடுக்கினார். உள்ளேயே கொல்வதும் உயிருடன் வெளியே துரத்துவதும் ஒன்றுக்கொன்று முரணான வேலைகள் என்பதும், ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய் மற்றதற்கு இடையூறாகும் என்பதும் அவர் காலத்தில் யாரையும் உறுத்தவில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகளில் டெரியர்கள் பல இனங்களாகக் கிளைத்ததில் பெரும்பகுதியை இந்த முரணைக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

கையஸ் காலத்தில் அது உறுத்தாமல் போனதற்குக் காரணம் உண்டு. தானியத்தைக் காப்பதற்கென 1566-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒரு நரித்தலைக்கோ பேட்ஜர் தலைக்கோ 12 பென்ஸ் வீதம் ஊர்த் தேவாலயக் காப்பாளர்கள் பரிசளித்தார்கள். நரி அன்று தொல்லை தரும் பிராணி, அவ்வளவுதான். அது உள்ளே செத்தால் என்ன, வெளியே செத்தால் என்ன, தலை கிடைத்தால் போதும். மண்வெட்டி, கடப்பாரை, சாக்கு, ஓரிரு சிறுநாய்கள் ஆகியவையே அந்தத் தொழிலின் முழுத் தளவாடம்.

18ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. காடுகள் குறைந்து மான்வேட்டை அருகியதும், வேலியிட்ட புல்வெளிகளில் குதிரையேறி நரியைத் துரத்துவது நிலக்கிழார்களின் பெருமைக்குரிய பொழுதுபோக்காக உயர்ந்தது. லெஸ்டர்ஷயரில் குவோர்ன் வேட்டைக்குழுவை 1753 முதல் நடத்திய ஹியூகோ மெய்னல், மோப்பத்தோடு வேகமும் கொண்ட வேட்டைநாய்களை உருவாக்கி இதற்கு வழிகாட்டினார். வேட்டையின் சுவை நரியின் சாவில் அன்று, அதன் ஓட்டத்தில் இருந்தது. எனவே நரிக்குப் புதர்க்காடுகள் நட்டு வளர்க்கப்பட்டன. அதைச் சுட்டோ நஞ்சிட்டோ கொன்றவன் ஊராரின் பழிக்கு ஆளானான். உள்ளூரில் நரி போதாதபோது ஐரோப்பாவிலிருந்து பிடித்துவரப்பட்ட நரிகள் லண்டனின் லெடன்ஹால் சந்தையில் விலைக்கு விற்கப்பட்டன. (இதே மோகம் கடல் கடந்து நீலகிரிக்கும் வந்தது, அங்கே செந்நரி இல்லாததால், ஊட்டி வேட்டைக் கழகத்தார் இறக்குமதி செய்த வேட்டைநாய்களைக் கொண்டு நம் ஊர் நரியைத் துரத்தித் திருப்தி அடைந்தார்கள்.) இத்தகைய வேட்டைக்கு முந்திய இரவில், நரி இரை தேடி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து வளைகளின் வாயை அடைப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். அடைக்காமல் விடுபட்ட வளை ஒன்றில் நரி புகுந்துவிட்டால், அங்கேதான் டெரியருக்கு வேலை. அது உள்ளே சென்று நரியின் முகத்துக்கு நேரே நின்று குரைத்து, அதை மறுபடியும் வெட்டவெளிக்குக் கிளப்பவேண்டும். ஆர்வ மிகுதியால் உள்ளேயே கொன்றுவிட்டால், குதிரையில் காத்திருக்கும் நாற்பது கனவான்களின் பிற்பகல் பாழாகிவிடும்.

இப்பணிக்கு உகந்த நாயின் இலக்கணத்தை வகுத்தவராக நினைவுகூரப்படுபவர், டெவன் பகுதியின் பாதிரியாரான ஜான் ரஸ்ஸல் (1795–1883). ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, 1819-இல் ஒரு பால்காரரிடமிருந்து அவர் வாங்கிய 'டிரம்ப்' என்ற பெட்டை நாயிலிருந்து அவருடைய வழி தொடங்கிற்று. வெள்ளை உடல், கண்ணிலும் காதிலும் பழுப்புத் திட்டு, வால் அடியில் செப்புக்காசு அளவில் ஒரு புள்ளி, குளிரையும் மழையையும் தாங்கும் நெருங்கிய முரட்டு மயிர், நேரான கால்கள் என அதன் தோற்றம் பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் அதன் ஓவியத்தைச் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் வைத்திருந்தார். டிரம்பின் உருவ அளவு வளர்ந்த பெண்நரியின் அளவே என்று ரஸ்ஸலின் வரலாற்றை 1878-இல் எழுதிய டேவிஸ் குறித்தது அழகுக்காகச் சொன்னதன்று. அடர்ந்த மயிரால் பெரிதாகத் தோன்றும் நரி உண்மையில் ஆறேழு கிலோ எடையும் ஒடுங்கிய நெஞ்சும் கொண்டது. அது நெளிந்து போகும் இடுக்கில் நாயும் போகவேண்டுமானால் நாயின் நெஞ்சுக்கூடும் ஒடுங்கியதாக, அழுத்தினால் இணங்குவதாக இருக்கவேண்டும். தோளுக்குப் பின்னே நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, விரல்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்கும் பழைய சோதனை இதனால் ஏற்பட்டதுதான். சுற்றளவு சுமார் 14 அங்குலம் இருப்பது நன்று என்பார்கள். வெள்ளை நிறத்துக்கும் ஒரு பயன் உண்டு. மண்ணும் நரியின் வாடையும் அப்பி வெளியே வரும் சிறுநாயை, வெறியில் இருக்கும் வேட்டைநாய்க் கூட்டம் நரியென்று எண்ணிப் பாயாதிருக்க அந்த நிறம் உதவிற்று.

உருவத்தைவிட ரஸ்ஸல் கூர்ந்து தேர்ந்தது குணத்தை. குரல் கொடுத்துக்கொண்டே நரியை நெருக்குவதும், அது திரும்பித் தாக்கும்போது விலகுவதும், விலகியும் ஓடாமல் நிற்பதும் ஆகிய மூன்றும் ஒரே நாயிடம் அமைவது அரிது. துணிச்சல் குறைந்தது வாயிலிலேயே திரும்பிவிடும். துணிச்சல் மிகுந்தது பாய்ந்து பிடித்துவிடும். தொழில் செய்வோர் பேச்சில், விலகி நின்று குரைப்பவை 'மென்மையானவை' என்றும் பாய்ந்து பிடிப்பவை 'கடினமானவை' என்றும் சொல்லப்பட்டன. இங்கே மென்மை என்பது கோழைத்தனமன்று, அடக்கம். ஸ்விம்பிரிட்ஜ் ஊரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு திருப்பணி செய்த இவர், மந்தையை விட்டு வேட்டைக்குப் போகிறார் என்று எக்ஸிடர் ஆயரின் கண்டிப்பையும் பெற்றார். அதனால் அவருடைய ஞாயிறு பிரசங்கமோ வெள்ளிக்கிழமை வேட்டையோ குறைந்ததாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பர்லாந்து, வெஸ்ட்மர்லாந்து மலைகளில் கதையே வேறு. அங்கே குதிரை ஏறமுடியாத சரிவுகளில் வேட்டைக்காரர் நடந்தே போனார்கள். கால்ட்பெக் ஊரின் ஜான் பீல் (1776–1854) புகழ்பெற்றது அந்த மண்ணில்தான். நரி அங்கே விளையாட்டுத் துணையன்று, ஈன்ற பருவத்தில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிச்செல்லும் பகை. வசந்தத்தில் ஓர் ஆட்டுக்காரர் சொல்லி அனுப்பினால் விடியலுக்கு முன்பே நாய்க்கூட்டம் மலையேறும். நரி ஒதுங்கும் இடங்களும் தென்னாட்டு மண்வளைகளைப் போன்றவை அல்ல. பாறைகள் சரிந்து குவிந்த, உள்ளூரில் 'பாரன்' எனப்படும் கற்குவியல்களும், கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழிகளின் இடிபாடுகளுமே அவை. தோண்டி எடுக்க வழியில்லை. நரியும் எளிதில் வெளிவராது. வந்தால் ஓடட்டும், வராவிட்டால் உள்ளேயே முடியட்டும் என்பதே மலைவாசிகளின் கட்டளையாக இருந்தது. ஆகவே நரிக்குச் சமமான வலிமையும், பெரிய பல்லும், வலுத்த தாடையும், கல்லிடுக்கில் ஒருக்களித்து நுழையும் ஒடுக்கமும் உடைய கருப்பு, செம்பழுப்பு, நீலச்சாம்பல் நிற டெரியர்கள் அங்கே உருவாயின. பாறைக்கு நடுவே சிக்கிய நாயை மீட்க ஆட்கள் கடப்பாரையும் கயிறும் கொண்டு நாட்கணக்கில் உழைப்பதும், சில வேளை வெறுங்கையோடு திரும்புவதும் அந்தத் தொழிலோடு பிறந்தவை. லேக்லாந்து, பேட்டர்டேல் என்று இன்று பெயர்பெற்றவை இவற்றின் வழித்தோன்றல்கள். பேட்டர்டேல் என்பது அல்ஸ்வாட்டர் ஏரியை ஒட்டிய ஊரின் பெயர். அல்ஸ்வாட்டர் வேட்டைக்குழுவின் தலைவேட்டைக்காரராக நெடுங்காலம் இருந்த ஜோ போமனின் நாய்கள் அவ்வட்டாரத்தில் பேர்போனவை.

கனவானுக்கு நரி உயிரோடு வேண்டும், ஆட்டுக்காரனுக்கு அது செத்தாகவேண்டும். ஒரே தீவில், ஒரே விலங்கை முன்வைத்து, ஒரே அளவுள்ள நாயை இருவேறு மனங்களோடு வளர்க்கச் செய்தது நிலவுடைமையின் இந்த வேற்றுமைதான். டெரியரின் குணத்தை அதன் 'இரத்தத்தில்' தேடுவோர், அந்த இரத்தத்தை யார் எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

பேட்ஜர் வேட்டை மூன்றாவதொரு தேவையை முன்வைத்தது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பேட்ஜர் கிளம்பி ஓடாது. மண்ணைப் பின்னே தள்ளி, தனக்கும் நாய்க்கும் இடையே சுவர் எழுப்பிக்கொண்டு மேலும் ஆழமாகத் தோண்டும். அதை நிறுத்திவைத்து, மேலே தரையில் காதை வைத்துக் கேட்போர் குழி எங்கே வெட்டுவதென்று அறியும்படி, மணிக்கணக்கில் குரைக்கும் நாயே அங்கே பயன்பட்டது. பாய்ந்து கடிக்கும் நாய் தாடை கிழிந்து திரும்பிற்று. வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயரில், சீலிஹாம் மாளிகையில் வாழ்ந்த கேப்டன் ஜான் எட்வர்டஸ் (இறப்பு 1891) குட்டைக்கால் வெள்ளை டெரியரை உருவாக்கியது பேட்ஜரையும் நீர்நாயையும் மனத்தில் கொண்டே. தேர்வில் பின்வாங்கிய இளநாய்களை அவர் சுட்டுவிடுவார் என்ற செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. டெவனில் ஆர்தர் ஹைன்மன் 1894-இல் ஒரு பேட்ஜர் வேட்டைக் கழகத்தை நிறுவினார். ரஸ்ஸலின் பெயர் சூட்டிய டெரியருக்கு 1904-இல் முதல் இலக்கணம் எழுதியவரும் அவரே.

இதற்கிடையே வளைக்கு வெளியே புதிய நீதிமன்றம் ஒன்று எழுந்திருந்தது. 1859-இல் நியூகாசிலில் நடந்த போட்டியோடு நாய்க் கண்காட்சிகள் தொடங்கின. 1873-இல் கென்னல் கிளப் என்ற நாய்ப் பதிவு மன்றமும், 1876-இல் ஃபாக்ஸ் டெரியர் சங்கமும் அமைந்தன. மேடையில் நடுவர் காண்பது தலை, தோள், நடை. குரலையும் அடக்கத்தையும் காண வழியில்லை. சில பத்தாண்டுகளில் கண்காட்சி ஃபாக்ஸ் டெரியரின் முகம் நீண்டது, கால் உயர்ந்தது, நெஞ்சு ஆழ்ந்தது; நரிவளையில் நுழையமுடியாத நரிநாய் என்று தொழிலோர் நகைத்தனர். கென்னல் கிளப்பின் தொடக்க உறுப்பினராகவும் நடுவராகவும் இருந்த ரஸ்ஸலே தம் நாய்களைப் போட்டிக்கு அனுப்பாமல், காட்டுரோஜாவுக்கும் தோட்டத்து ரோஜாவுக்கும் உள்ள வேறுபாட்டை உவமையாகச் சொன்னாராம். எட்வர்டஸின் சீலிஹாமுக்கு நேர்ந்தது இன்னும் கடுமை: 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்வர் வீட்டு அலங்காரமாக உயர்ந்த அது, 2008-இல் பிரிட்டனில் 43 குட்டிகள் மட்டுமே பதிவாகும் அளவுக்கு அருகிப்போனது. வேலையைவிட்டு விலகிய நாய்க்கு மோகத்தைத் தவிர வேறு ஆதரவில்லை. மோகம் நகர்ந்தால் அதுவும் போயிற்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் 1920-இல் அங்கீகாரம் பெற்ற பார்டர் டெரியர் ஓரளவு தப்பியதற்கு, அதை வளர்த்த மலைக் குடும்பங்கள் நீர்நாயைப் போன்ற தலையையும் கைக்குள் அடங்கும் நெஞ்சையும் விட்டுக்கொடுக்காததே காரணம்.

கண்காட்சிக்கு மறுப்பாகவே பிறந்த இனமும் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் சில வேட்டைக்காரர்கள், அழகுக்கு வளர்த்த ஃபாக்ஸ் டெரியர்களில் சலிப்புற்று, ஓர் ஈற்றில் பிறந்த கருப்பு–பழுப்பு நிறக் குட்டிகள் நான்கைத் தொடக்கமாகக் கொண்டு, பழைய ஆங்கில வேட்டை டெரியர்களோடு இணை சேர்த்து 'யாக்ட்டெரியர்' என்ற நாயை உருவாக்கினார்கள். அதற்கான சங்கம் 1926-இல் தோன்றியது. பிரிட்டனின் தொழிலோர் ஏட்டில் எழுதாத வம்சாவளியை நினைவில் சுமந்து, நன்றாக உழைத்ததோடு நன்றாக உழைத்ததைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மானியர் அதே கொள்கையைத் தேர்வும் மதிப்பெண்ணும் கொண்ட விதியாக்கினார்கள்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழிலை மாற்றியவை ஒரு கருவியும் சில சட்டங்களும். நாயின் கழுத்துப்பட்டையில் சிறு ஒலிபரப்பியும், மேலே நிற்பவன் கையில் அதன் குறிப்பைக் கேட்கும் பெட்டியும் வந்தபின், மண்ணில் காதை வைத்துக் குரைப்பைத் தேடும் தேவை போயிற்று. அத்தோடு, குரலற்ற கடின நாய்களும் தடையின்றிப் பயன்படுத்தப்படலாயின என்று கருத இடமுண்டு. பேட்ஜருக்கு 1973-இலும், இன்னும் இறுக்கமாக 1992-இலும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. நாய்க்கூட்டம் கொண்டு நரியைத் துரத்துவது ஸ்காட்லாந்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதலும் தடைப்பட்டது. 2004-இல் நிறைவேறிய இந்தப் பின்னைய சட்டம் வளைக்குள் நாயை இறக்குவதற்கு ஒரே ஒரு விலக்கு அளித்தது: துப்பாக்கி வேட்டைக்கென வளர்க்கும் பறவைகளைக் காக்க, நிலவுரிமைக்கோ நிலவுரிமையாளரின் இசைவுக்கோ எழுத்துச் சான்றோடு, ஒரே ஒரு நாயை இறக்கலாம், அது நரியை விரைவில் வெளியே கிளப்பவேண்டும், வெளிவந்த நரியை உடனே சுட்டுக் கொல்லவேண்டும், நாய்க்குக் காயம் நேராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இவ்வாறு, உள்ளே சண்டையிடாமல் விலகி நின்று குரைக்கும் ரஸ்ஸலின் நாயே சட்டத்துக்கு இசைந்த நாயாயிற்று. ஆட்டுக்குட்டியைக் காப்பது மட்டும் அந்த விலக்கில் இடம்பெறவில்லை. எனவே மலைவாசியின் கருப்பு டெரியர், எந்தக் காரணத்துக்காக அந்தப் பல்லையும் தாடையையும் பெற்றதோ, அந்தக் காரணத்துக்காக இன்று பாரனுக்குள் இறங்கமுடியாது.